சாம்பல் பறந்தால் வோல்டேஜை ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அனல்மின் நிலையப் புகைபோக்கியில் சாம்பல் பறக்கிறது என்ற செய்தி வரும்போதெல்லாம், புகையிலுள்ள சாம்பலை மின்னேற்றிப் பிடிக்கும் கருவியான ஈ.எஸ்.பி.யின் வோல்டேஜை ஏற்றச் சொல்லும் பேச்சும் கூடவே எழுகிறது. ஏற்றினால் பல நேரம் சாம்பல் கூடத்தான் செய்யும். முதலில் பார்க்க வேண்டியது அதற்குள் வரும் வாயுவின் வெப்பநிலையை.

ஈ.எஸ்.பி.யின் உயர் மின்னழுத்தக் கம்பியைச் சுற்றி எழும் மின்கசிவான கொரோனாதான் துகளுக்கு மின்னேற்றம் தருகிறது; மின்னேறிய துகள் எதிரே உள்ள தட்டில் படிகிறது. வாயு சூடாக வந்தால் கம்பியை ஒட்டி அதன் அடர்த்தி குறைகிறது. எலெக்ட்ரான் தடையின்றி அதிகத் தூரம் ஓடி வேகம் பிடிக்கிறது. கொரோனா சீக்கிரமே தொடங்கும். ஸ்பார்க் அடிக்கும் வோல்டேஜும் இறங்கும். சூடான கம்பியே எலெக்ட்ரானை உமிழ்வதாகச் சிலர் சொல்வது இங்கே பொருந்தாது; அதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கொரோனா தொடங்கும் அளவைக் கணக்கிடும் பீக் சூத்திரத்தில் 25 டிகிரி செல்சியஸில் வாயு அடர்த்தி 1 என்றால், 150 டிகிரியில் 298/423, அதாவது 0.70. குளிர்ந்த காற்றில் 60 கிலோவோல்ட் தாங்கிய ஃபீல்டு (ஈ.எஸ்.பி.யின் ஒரு பிரிவு), கொதிகலன் ஓடும்போது 42-ஐ ஒட்டி ஸ்பார்க் அடித்தால் டிரான்ஸ்பார்மரைக் குறை சொல்ல முடியாது.

தட்டுப் பக்கம்தான் சிக்கல் பெரிது. நம் நிலக்கரியில் சாம்பல் மிகுதி, கந்தகம் குறைவு. அந்தச் சாம்பலின் மின்தடைத்திறன் 150 டிகிரியை ஒட்டி உச்சத்துக்குப் போகும். மின்தடைத்திறன் 10¹² ஓம்-செ.மீ. ஆக இருந்தால், சதுர செ.மீ.க்கு 20 நானோஆம்பியர் பாய்ந்தாலே தட்டில் படிந்த சாம்பலுக்குள் செ.மீ.க்கு 20 கிலோவோல்ட் ஏறிவிடும். படிவுக்குள்ளேயே மின்பொறி எழுந்து, எதிர் அயனிகள் திரும்பிப் பாய்ந்து துகளின் மின்னேற்றத்தை அழிக்கின்றன. இதுதான் பேக் கொரோனா. மில்லிஆம்பியர் முள் ஏற ஏற, கிலோவோல்ட் முள் இறங்குவதே இதன் அடையாளம். அந்த நேரத்தில் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும்: மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் இடைவிட்ட சார்ஜிங்குக்கு மாற்றி, இரண்டு, நான்கு என அரைச்சுழற்சிகளைத் தவிர்த்துப் பார்த்து, கிலோவோல்ட் உயர்ந்து நிற்கும் இடத்தில் விடலாம். தட்டை அடித்துச் சாம்பலை உதிர்க்கும் ராப்பிங் சுத்தியல்கள் ஒழுங்காக விழுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

சூடு கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும், கொதிகலனுக்குப் போகும் காற்றைப் புகைவாயுவின் சூட்டால் சூடாக்கும் ஏர் பிரீஹீட்டரில் இருக்கும். வெப்பத்தை வாங்கித் தரும் தகடுகள் அடங்கிய அதன் கூடைகளில் சாம்பல் அடைத்தால் வாயு ஆறாமலே ஈ.எஸ்.பி.க்குள் வரும். சுழலும் வகையில் ஒரு பக்கத்து வாயு மறுபக்கத்தைவிடச் சூடாக இருப்பதால், நடுவில் ஒரே ஒரு தெர்மோகப்பிள் வைத்துச் சராசரி பார்ப்பது ஏமாற்றும். அதற்காக, வாயுவிலுள்ள அமிலம் திரவமாகத் தொடங்கும் அமிலப் பனிநிலைக்குக் கீழே குளிரவிட்டால் தகடு அரிக்கும்.

புகைபோக்கியின் துகள் அளவோடு, ஈ.எஸ்.பி.யின் ஒவ்வொரு பாதையிலும் நுழையும் வாயுவின் வெப்பநிலையையும் மின் நிலையங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஈ.எஸ்.பி. பராமரிப்புப் பொறியாளர்கள்