தோற்ற மறுநாளும், ஊறிய ஜவ்வரிசியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 மே 3, சனிக்கிழமை இரவு. பெங்களூரில் 214 ரன்னைத் துரத்திய சென்னை சூப்பர் கிங்ஸ் 2 ரன்னில் தோற்றது. ஆயுஷ் மாத்ரே 94, ஜடேஜா ஆட்டமிழக்காமல் 77 அடித்தும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மறுநாள் ஞாயிறு, அக்னி நட்சத்திரம் பிறந்த நாள். இப்படித் தோற்ற மறுநாள் ரசிகர் வீடுகளில் விடுமுறை எப்படிப் பாழாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நள்ளிரவு தாண்டியும் கடைசி ஓவரைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஒன்பது மணிக்கு எழுவது, புள்ளிப் பட்டியலைக் கூட்டிக் கழித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவது. வாரத்தில் கிடைக்கும் ஒரே நாள் அது. அதையும் தோல்விக்குக் கொடுத்துவிடக் கூடாது.

ஐ.பி.எல். நடக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் வடாம் போடும் காலமும். அணி தோற்றாலும் ஜெயித்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஜவ்வரிசி வடாம் என்று சனிக்கிழமையே முடிவு செய்துவிட வேண்டும். இரவு 7 மணிக்கு டாஸ் போடும் முன் 2 டம்ளர் மாவு ஜவ்வரிசியைக் கழுவி, 2 டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஆட்டம் முடிய பதினொன்றே கால் ஆகும், காலை 5 மணிக்கெல்லாம் ஜவ்வரிசி பதமாக ஊறியிருக்கும். மே மாதச் சூட்டில் ஊறிய ஜவ்வரிசி மதியத்துக்குள் புளித்துவிடும் என்பதால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட வழியில்லை. மனசு சரியில்லை என்று படுத்திருப்பவரைக்கூட அதுவே எழுப்பிவிடும்.

5 மணிக்கு அடிகனமான பாத்திரத்தில் 8 டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஊறிய ஜவ்வரிசியைப் போட்டு, தீயைக் குறைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். சுமார் 20 நிமிடம் ஆகும். ஒவ்வொரு மணியின் நடுவிலும் இருக்கும் வெள்ளைப் புள்ளி மறைந்து, கூழ் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆனால் பதம். புள்ளி இருக்கும்போதே இறக்கினால் பொரிக்கும்போது நடுவில் மட்டும் பொரியாமல் பல்லைப் பதம் பார்க்கும். பச்சை மிளகாய் 8, உப்பு 2 டீஸ்பூன் சேர்த்து அரைத்த விழுதையும் அரை டீஸ்பூன் பெருங்காயத்தையும் கலக்குங்கள். கூழை நாக்கில் வைத்தால் உப்பு ஒரு கல் குறைவாகத் தெரிய வேண்டும். தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது. கூழில் சரியாக இருந்த உப்பு வடாமில் கரிக்கும். எலுமிச்சைச் சாறு கூழ் ஆறியபின்தான். சூட்டில் பிழிந்தால் கசப்பு ஏறிவிடும். ஆறும்போது கூழ் இறுகுவது இயல்பு, கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.

பழைய நாலு முழ வேட்டியை நனைத்துப் பிழிந்து மொட்டை மாடியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வையுங்கள். ஒரு கரண்டி கூழை ஊற்றி, கரண்டியின் முதுகால் மூன்று விரற்கடை அகலத்துக்குத் தேய்த்தால் போதும். ரொம்ப மெல்லிசாகத் தேய்த்தால் எடுக்கும்போது கிழியும், தடித்தால் உள்ளே ஈரம் நிற்கும். எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் ஊற்றி முடிப்பது முக்கியம். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவந்துவிடும், நல்ல காய்ச்சல் காலை வெயிலில்தான். பத்து மணிக்கு மேல் ஊற்றிய வடாம் சாயங்காலம் மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும், இரவில் புளிவாடை வந்துவிடும். காக்காய்க்கு ஒரு கறுப்புக் குடையை விரித்து வைப்பது பழைய உபாயம். அதைவிட நல்ல காவல், மாடி நிழலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பாதி காய்ந்து ஓரம் சுருண்டு நடுவில் கொழகொழவென்று இருக்கும் வடாமில் நாலைந்து காணாமல்போகும். அந்த ருசிக்கு ஈடே கிடையாது, கணக்குப் பார்க்காதீர்கள்.

எட்டிலிருந்து நாலு மணி வரை வீட்டு வேலைக்கு நேரம் தாராளம். மின்விசிறி துடைப்பது அதில் ஒன்று. சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய தலையணை உறையை றெக்கையில் மாட்டி உருவினால் தூசு கட்டிலில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழும். றெக்கையைக் கீழே அழுத்தித் துடைக்காதீர்கள். ஒன்று வளைந்தாலும் விசிறி ஆட ஆரம்பித்துவிடும்.

நாலு மணிக்கு மேல் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டால் வடாம் கிழியாமல் உரிந்து வரும். தாம்பாளத்தில் பரப்பி, இரவு விசிறிக்கு அடியில் வையுங்கள். திங்கள், செவ்வாய் வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் தாம்பாளத்தை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து, மேலே மெல்லிய துணி கட்டிவிடலாம். ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். அவசரப்பட்டு டப்பாவில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஞாயிறு மாலை வேறு இரண்டு அணிகள் ஆடும். பதைப்பில்லாமல் கிரிக்கெட்டைக் கிரிக்கெட்டாகவே பார்க்கக் கிடைக்கும் அருமையான நேரம் அது. இடுப்பு வலித்தாலும் மனசு லேசாக இருக்கும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் ஆட்ட நேரம் போடும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, மறுநாள் வெயில், மேகம், மழை நிலவரத்தை மாவட்டவாரியாக நாலு வரியில் வெளியிடுங்கள். கோடை மழை வரும் ஞாயிறு என்று முன்பே தெரிந்தால் ஜவ்வரிசி ஊறப்போடாமல் விசிறி, பரண் வேலைகளை எடுத்துக்கொள்ளலாம். டாஸுக்கு முன் தெரிந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை