முகப்புத் திண்ணையே போதும்

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பச்சி நினைவாகப் பள்ளத்தூர் வீட்டைத் திறந்துவிட்டு, ஊர்ப் பிள்ளைகள் போதைப் பக்கம் போகாமலிருக்க ஏதாவது செய்யவேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் பேரணி, பதாகை, பத்தாம் வகுப்புப் பையன்களுக்குச் சொற்பொழிவு என்று நீ போட்டிருக்கும் பட்டியலை மடித்து வைத்துவிடு. லாஸ் ஏஞ்சல்ஸில் 1983-இல் போலீஸ்காரர்களையே வகுப்புக்கு அனுப்பி 'டேர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்கா முழுக்கப் பரவியது. பின்னால் ஆராய்ந்தபோது, பழக்கத்தை அது குறைத்ததாகத் தெரியவில்லை. நீ மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளை எடுத்துக்கொள்.

ஒன்றாம் வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாத பையன் ஒருவன் இருப்பான். பக்கத்தில் இருப்பவனைத் தள்ளுவான், கேட்டு முடிக்குமுன் கத்துவான். அவனைக் கதவோரம் நிறுத்துவார்கள். நிறுத்த நிறுத்த, மற்ற பிள்ளைகளும் அவனைச் சேர்க்கமாட்டார்கள். எழுத்துக் கூட்டுகிற நேரமெல்லாம் வெளியே நின்றவனுக்கு மூன்றாம் வகுப்பில் வாசிக்க வராது. பன்னிரண்டு வயதில் அவனை 'வாடா' என்று கூப்பிடுகிற ஒரே கூட்டம், அவனைப் போலவே ஒதுக்கப்பட்ட பெரிய பையன்கள்தான். உதட்டுக்குள் அதக்கும் புகையிலைப் பொட்டலம் அங்கேதான் கைமாறும். துறுதுறுவென்று இருக்கிற எல்லாப் பிள்ளையும் இப்படிப் போவதில்லை. போனவர்களில் பலர் வந்த வழி இது. அந்தக் கதவோரத்தில்தான் நாம் போய் நிற்கவேண்டும்.

அதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. பால்டிமோர் நகரத்தில் 1985-இல் ஒன்றாம் வகுப்புகளில் நடத்திப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 19 முதல் 21 வயதானதும் மறுபடி தேடிப்போய் விசாரித்தார்கள். விளையாட்டு நடக்காத வகுப்புகளில் படித்த ஆண்களில் 38 விழுக்காட்டினர் போதைப் பொருள் சிக்கலில் விழுந்திருந்தார்கள், விளையாடியவர்களில் 19. பெண்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த விளையாட்டில் போதை என்ற பேச்சே கிடையாது.

செய்முறையைச் சொல்கிறேன், ஒன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் காட்டு. 24 பிள்ளைகள் என்றால் எட்டெட்டுப் பேராக மூன்று குழு. கூச்சப் பிள்ளை, சேட்டைப் பிள்ளை எல்லாம் எல்லாக் குழுவிலும் கலந்திருக்கவேண்டும். பலகையில் நான்கே விதி: மெதுவாகப் பேசு, இடத்தில் இரு, யாரையும் நோகடிக்காதே, சொன்ன வேலையைச் செய். வழக்கமான பாடம் நடக்கும்போதே, 'இப்போது விளையாட்டு' என்று சொல்லிப் பத்து நிமிடம், வாரத்தில் மூன்று நாள். யாராவது விதி தவறினால் அந்தக் குழுவுக்கு ஒரு கோடு. குரலை உயர்த்தாமல், எந்த விதி என்று மட்டும் சொல்லவேண்டும். நான்கு கோட்டுக்குள் முடித்த குழு எல்லாமே ஜெயித்ததாகக் கணக்கு, மூன்றும் ஜெயிக்கலாம். பரிசு சின்னதாக, உடனே: ஒரு ஸ்டிக்கர், அல்லது எழுந்து இரண்டு நிமிடம் ஆட்டம். போகப்போக நேரத்தை நீட்டி, பரிசைச் சாயங்காலத்துக்கும் பிறகு வாரக் கடைசிக்கும் தள்ளவேண்டும். காத்திருக்கப் பழகுவது அப்படித்தான்.

கெடுவது எங்கே என்றால், சேட்டைக்காரர்களையெல்லாம் ஒரே குழுவில் போடுவதில். இல்லாவிட்டால், கோட்டையே மிரட்டலாக்குவதில். ஒரு பையன் வேண்டுமென்றே குழுவைத் தோற்கடித்தால் கூட்டாளிகள் அவன்மேல் பாய்வார்கள். அவனைச் சில நாள் தனிக் குழுவாக விளையாட விட்டு, ஜெயித்ததும் திரும்பச் சேர்க்கவேண்டும். இன்னொன்று, பால்டிமோரிலேயே அடுத்த ஆண்டுப் பிள்ளைகளிடம் பலன் மங்கியது. அந்த ஆண்டு ஆசிரியர்களுக்குக் கூட இருந்து வழிகாட்டுவது குறைந்திருந்தது. அதனால் பணத்தைப் பரிசில் போடாதே. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து ஆசிரியையோடு பேச ஓர் ஆளுக்குப் போடு.

இனி வீடு. டைல்ஸ் பட்டறைக்கும் கொத்து வேலைக்கும் போகிறவர்கள் திரும்ப இருட்டிவிடும். நாலரையிலிருந்து ஆறரை வரைதான் பிள்ளைகளுக்கு ஆளில்லாத நேரம். உள்முற்றமான வளவையும் அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டையும் பூட்டியே வை. அந்த நேரத்தில் பிள்ளைகளை முகப்புத் திண்ணையில் கூட்டி உட்காரவை, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படவேண்டும். பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேர். ஒற்றை ஆளிடம் பிள்ளைகளை விடவே கூடாது. 20 பிள்ளைகளுக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறப்போட்டால் தாராளம். நாலு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மசித்துக் கொடு, முழுசாகத் தொண்டையில் சிக்கும். உங்கள் வீட்டுப் பல்லாங்குழியை எடு. தன் முறை வரும்வரை கையை மடியில் வைத்திருக்கப் பழக்க அதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதில் குன்றிமணி கிடந்தால் ஒன்று விடாமல் பொறுக்கி எறி. அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை போதும், குழிக்கு ஐந்தாக 70. அதுவும் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான்.

வாசலில் 'போதைத் தடுப்பு' என்று பலகை மாட்டாதே. குடிகாரன் பிள்ளை என்ற பெயர் விழும் என்றே தாய்மார் அனுப்பமாட்டார்கள். 'உங்கப்பா குடிப்பாரா' என்று எந்தப் பிள்ளையையும் கேட்கக்கூடாது. அதுவாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். உடம்பில் அடிபட்ட தடம் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடு. குடியை விட வழி கேட்டு வருகிற தகப்பனுக்குப் போதை மீட்பு உதவி எண் 14446-ஐக் கொடு.

கடைக்காரரிடம் நீயே போய்ப் பேசு. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக்கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். 18 வயதுக்குக் கீழே யாருக்கும் விற்கக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. 'ஐயாவுக்கு ஒரு கட்டு பீடி' என்று ஆறு வயதுப் பேரன் காசை நீட்டினாலும் அது பேரனுக்கு விற்றதுதான். கடைக்காரரைவிட முதலில் சொல்லவேண்டியது அனுப்புகிற ஐயாக்களிடமும் ஆயாக்களிடமும். கையில் காசும் பீடியும் பழகிய பிள்ளைக்கு அது வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடும்.

கொல்லைக் கிணற்றுக்கு இரும்பு வலை மூடி போடாமல் ஒரு பிள்ளையையும் வாசற்படி ஏறவிடாதே. வாயின் குறுக்களவை எடுத்து அனுப்பு, இங்கே பட்டறையில் அடிக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்