பழைய ஃபோட்டோ ஒன்று வேண்டும்

அன்புள்ள மாப்பிள்ளை,

காலேஜ் கடைசி நாளில் ஸ்டூடியோவில் நாம் நாலு பேரும் எடுத்த ஃபோட்டோ உன் பீரோவில்தானே இருக்கிறது? தேடி எடு. டாக்டர் கேட்கிறார். சிரிக்காதே.

கல்யாண மோதிரம் விரலில் ஏறாமல் ஐந்து வருஷம் ஆகிறது. செருப்பு எட்டிலிருந்து பத்துக்குப் போனது. உடம்பு போட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிரஷருக்கும் மூட்டு வலிக்கும் மாத்திரை எழுதியவர் என் கையைப் பார்க்கவே இல்லை. பல் டாக்டர்தான், பற்களுக்கு நடுவே விழுந்த இடைவெளியைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். அக்ரோமெகலியாம், கை, கால், முகமெல்லாம் பெருத்துப்போகும் நோய். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் 18 மில்லிமீட்டர் கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

மூக்கு வழியாகவே கட்டியை எடுத்துவிடுவார்களாம். அந்தச் சில மணி நேர வேலைக்கு மூன்று வாரமாக டெஸ்ட்! வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏறினால் அந்த ஹார்மோன் இறங்க வேண்டும். எனக்கு இறங்கவில்லை. உடம்பு ஆபரேஷன் மாதிரி அதிர்ச்சியைத் தாங்க உதவும் கார்டிசால் என்ற ஹார்மோனும் காலை ரத்தத்தில் குறைவு, அதனால் ஆபரேஷன் அன்று ஸ்டீராய்டு ஊசி உண்டு. இதயத்துக்கு எக்கோ, குடல் ஸ்கோப் எல்லாம் முடிந்தன.

கண் டெஸ்ட்தான் என்னை உலுக்கியது. ஒரு கிண்ணத்துக்குள் பார்த்தபடி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு ஓரங்களிலும் பல புள்ளிகள் எனக்குத் தெரியவே இல்லை. கட்டி கண் நரம்புகளை அழுத்துகிறதாம். போன வருஷம் பக்கவாட்டில் வந்த ஆட்டோவைக் கவனிக்காமல் பைக்கை விட்டேனே, ஞாபகமிருக்கிறதா?

மயக்க மருந்து டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். அதுவும் பெருத்துவிட்டதால், கேமரா வைத்துத்தான் மூச்சுக்கான குழாய் போடுவாராம். குறட்டையை ஒரு ராத்திரி முழுக்க அளந்தார்கள். ஹாஸ்டலில் குறட்டை விட்டவன் நீதான், நான் இல்லை என்பதையும் சொல்லி வைத்தேன்.

அப்புறம் ஒன்று. முகம் எப்போது மாறத் தொடங்கியது என்று பார்க்கத்தான் ஃபோட்டோ. தினமும் பார்க்கும் வீட்டாருக்கு எதுவும் தெரியவில்லை. மூன்று வருஷம் கழித்துத் திருவிழாவில் பார்த்த நீ மட்டும் "என்னடா, மூஞ்சியே மாறிப்போச்சு" என்றாய். நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனேன். அப்போதே உன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

அடுத்த திங்கள் அட்மிட் ஆகிறேன். ஃபோட்டோவை வாட்ஸப்பில் அனுப்பாதே, முகம் தெளிவாக விழாது. கையில் எடுத்துக்கொண்டு ஞாயிறே வந்துவிடு.

உன்
சேகர்