மான் வேட்டைத் தோட்டாவும் நம் தோட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான் வேட்டைக்கு எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா ஏற்றது என்று ஆஸ்திரேலியாவில் குடியேறிய நம்மவர் ஒருவர் ஞாயிறு பதிப்பில் எழுதியிருந்தார். நான் மலேசியாவின் பகாவ் வட்டாரத்தில் தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். பன்றி விரட்டுவதற்காக உரிமம் பெற்ற, ரவைகளைச் சிதறிப் பாய்ச்சும் 12 போர் துப்பாக்கி என்னிடம் உண்டு. அந்தக் கட்டுரையை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

243 ரகமே (அங்குலத்தில் 0.243 பருமனுள்ள குண்டு) எல்லா மானுக்கும் போதும் என்கிறார். ஃபாலோ என்ற சிறிய மானுக்குப் போதும், பெரிய கடமானுக்குப் போதாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சட்டமே கடமானுக்குக் குறைந்தது 270 ரகமும் 130 கிரெயின் எடையுள்ள குண்டும் வேண்டும் என்கிறது. ஆண் கடமான் இருநூறு கிலோவைத் தாண்டும். ஈயத்தின்மேல் மெல்லிய செம்பு உறை போட்ட குண்டு அதன் தோள் எலும்பில் பட்டால் அங்கேயே சிதறிவிடலாம். நுரையீரல் வரை போய்ச் சேராது. அந்த மான் உடனே சாகாது, மலைச்சரிவில் எங்கோ போய்க் கிடந்து துடிக்கும். ஆகவே அதைவிடப் பெரிய 308 ரகம் வாங்கினாலும், உறையும் ஈயமும் பிரியாதபடி இணைத்த குண்டா, முழுச் செம்புக் குண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். செம்புக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஈயக் குண்டு சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சிக்குள் போய்விடும். அதைச் சாப்பிடுவது வீட்டுக் குழந்தைகள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது என்று ஆகிவிட்டது.

வெளிநாட்டுக் கதை அப்படி. எங்கள் ஊர் உணவுக் கடையில் சில இளைஞர்கள் கட்டுரையை மேசையில் விரித்துப் போட்டுக்கொண்டு, செம்பனைக் காட்டோரம் ரூசா, அதாவது கடமான், வருவதாகப் பேசினார்கள். அதைக் கேட்டதும்தான் பேனாவை எடுத்தேன்.

விக்டோரியாவில் கடமான், வெள்ளைக்காரர்கள் 1860களில் கொண்டுபோய் விட்டுப் பெருகியது. இங்கே அது மண்ணின் பிராணி. எண்ணிக்கை தேய்ந்துபோனதால் 2009இல் ரூசா, கீஜாங் என்ற சிறு மான் இரண்டையும் வேட்டையாடத் தடை வந்து, பிறகு அது நீட்டிக்கவும் பட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பின்படி நம் காடுகளில் புலிகள் 150க்கும் குறைவு. ரூசாவைச் சுடுகிறவன் அந்தப் புலியின் இரையில் கை வைக்கிறான்.

பன்றியின் விஷயம் வேறு. இளங்கன்றின் குருத்தை அது தின்றுவிட்டால் அந்தக் கன்று பிழைக்காது. சுட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் விலை மலிவு என்று பறவைக்கான பொடி ரவையால் சுடுகிறார்களே, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. கிழட்டு ஆண்பன்றியின் தோளில் தோலுக்கடியில் கேடயம்போல் தடித்த நார்த்திசு இருக்கும். அப்படி ஒன்றை உரித்தபோது பார்த்தேன்: பழைய ரவைகள் அதற்குள் கறுத்துப் பதிந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. எத்தனை காலம் அந்த வலியோடு அலைந்ததோ! காயம்பட்ட பன்றி குலை வெட்டப் போகிறவர் மேல்தான் பாயும். பெரிய ரவை போட்ட எஸ்.ஜி. தோட்டாவில் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் பருமனில் ஒன்பது ரவைகள் வழக்கமாக இருக்கும். முப்பது மீட்டருக்குள், பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலை ஒட்டி அடித்தால் வேலை முடிந்தது. அதற்கும் தள்ளி நின்றால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும்.

ரைஃபிள் இங்கே ஏன் ஆகாது? சமதரையான நம் தோட்டத்தில் குண்டைத் தாங்கிக்கொள்ள மேடு கிடையாது. செம்பனை நிரைகளுக்கு நடுவே குறி தவறிய ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். விடியும் முன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நடந்து போகிற பெண்கள், லயத்து வீட்டு வாசலில் பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகள், எல்லாரும் அந்த வழியில்தான் இருக்கிறார்கள்.

வெளிநாட்டு வேட்டைக் கட்டுரை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றின்படி இங்கே எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது, உரிமத்துக்கு எங்கே போக வேண்டும் என்பதையும் பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் அதிகாரி ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்தை அதே கடைச் சுவரில் நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
பகாவ், நெகிரி செம்பிலான்