செல்போனைப் பிடுங்குவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்துக்கு அடிமையாகும் இளைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனச்சோர்வுக்குக் காரணம் செல்போன்தான், அதைப் பறித்துவிட்டால் பிள்ளை தேறிவிடுவான் என்கிறது கட்டுரை. கல்லூரி விடுதியில் நெடுங்காலம் வார்டனாக இருந்த எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"ஆய்வுகள் நிரூபித்துவிட்டன" என்று கட்டுரையாளர் எழுதுகிறார். எந்த ஆய்வு என்று சொல்லவில்லை. 2010-ல் பெரிதாகப் பேசப்பட்டது இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு. 16 முதல் 51 வயது வரையிலான 1,319 பேரிடம் கேட்டார்கள். அடிமை நிலை என்று சொல்லத்தக்கவர்கள் நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டினார்கள். அவர்களிடம் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஆனால் எது முந்தியது என்று தங்களால் சொல்ல இயலாது என்று ஆய்வாளர்களே தெரிவித்துவிட்டார்கள். பத்திரிகைத் தலைப்புகள்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கட்டுரையாளர் பக்கமும் நியாயம் உண்டு. அதே ஆண்டில் வெளியான சீன ஆய்வு ஒன்று, குவாங்சோ நகரில் 13 முதல் 18 வயது வரையிலான 1,041 மாணவர்களை ஒன்பது மாதம் பின்தொடர்ந்தது. தொடக்கத்தில் மனநலச் சிக்கல் இல்லாதிருந்தும் இணையத்தில் கட்டுக்கடங்காமல் மூழ்கியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. இரவெல்லாம் விளையாட்டில் விழித்துத் தூக்கம் கெட்டு, வகுப்பு போய், பிறகு மனமும் ஒடிந்துபோன பையன்களை நானும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு ஆய்வுகளும் பயன்படுத்தியது அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் வகுத்த 20 கேள்விகள் கொண்ட படிவத்தை. இணையம் இல்லாதபோது சோர்வாகவும் படபடப்பாகவும் இருந்து, திரும்ப உள்ளே போனதும் அது விலகுகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. வாழ்க்கையைப் பற்றிய வேதனையான எண்ணங்களைத் தள்ளிவைக்க இணைய நினைப்பைத் துணைக்கு அழைக்கிறீர்களா என்பது மற்றொன்று. ஏற்கெனவே மனம் நொந்து கிடப்பவன் இரண்டுக்கும் ஆம் என்றுதான் சொல்வான். அவன் சோர்வுக்கே மதிப்பெண் போட்டுவிட்டு, அடிமைகளிடம் சோர்வு அதிகம் என்று வியப்பதில் என்ன இருக்கிறது?

மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் இரவு முழுவதும் போர்வைக்குள் செல்போனோடு கிடக்கிறான், காலையில் மெஸ்ஸுக்கு வருவதில்லை என்று அறைத் தோழர்கள் வந்து சொன்னார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து கவனித்தேன். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருந்தது. எந்த வீடியோவும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் நிற்கவில்லை. வடிவேலு வந்தார், அவரையும் அதே முகத்தோடு தள்ளிவிட்டான். ஆசைப்பட்டுப் பார்க்கிறவன் அப்படிப் பார்க்க மாட்டான்.

செய்தி தெரிந்து ஊரிலிருந்து வந்த அப்பா, செல்போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பையன் புத்தகத்தைத் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதுவரை தங்கையின் குறுஞ்செய்திக்காவது பதில் போட்டுக்கொண்டிருந்தான். அதுவும் நின்றது.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனோம். அங்கிருந்த மருத்துவர் தூக்கம், சாப்பாடு, எடை என்று விசாரித்துவிட்டு, "கைப்பந்து ஆடுவாயாமே தம்பி, எப்போது விட்டாய்?" என்றார். அரியர் விழுந்த பருவத்திலேயே விட்டிருக்கிறான். சாப்பாடு குறைந்ததும் அப்போதுதான். இரவு விழிப்பு தொடங்கியது அதற்குப் பல மாதம் கழித்து. செல்போனைப் பற்றி அவர் கடைசியாகத்தான் கேட்டார். மாத்திரை எழுதிக்கொடுத்து, பேச்சுவழிச் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்தார். செல்போனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். இரவு பத்து மணிக்கு மேல் அது வார்டனான என் அறையில் இருக்கட்டும் என்று பையனிடமே பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்தப் பருவத் தேர்வு போயிற்று. ஆனால் மாலையில் மைதானத்துப் பக்கம் போகத் தொடங்கினான்.

"செல்போனை எடுத்தால் செத்துப்போவேன்" என்று பிள்ளை சொன்னால் நாடகம் என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடையே அதிகம். அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிட்டால், அதற்குமேல் செல்போனைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கக் கூடாது. தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-ல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், வீடியோ விளையாட்டு அடிமைநிலை நோயாக இடம்பெற்றிருக்கிறது. பொதுவான இணைய அடிமைத்தனம் தனி நோயாக அதில் இல்லை. அதனால் இது வெறும் கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல மருத்துவ நிறுவனம் 2014 முதலே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்துகிறது. ஆனால் அவ்வளவு தூரம் போக எல்லோராலும் முடியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

தங்கள் கட்டுரையில் இந்த எண் எங்கும் இல்லை. அதன் கீழேயே, செல்போன் இல்லாமல் பிள்ளையை ஒரு வாரம் அடைத்துவைத்துத் திருத்தித் தரும் முகாமின் விளம்பரம் கால் பக்கத்துக்கு இருந்தது. கட்டணம் அதில் போடப்படவில்லை, மருத்துவர் பெயரும் இல்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்தக் கால் பக்கத்தில் 14416-ஐப் பெரிய எழுத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதி வார்டன்,
பாளையங்கோட்டை.