ஆர்வியில் போய் அருவி பார்த்த கதை

கானாடுகாத்தான்
ஐப்பசி 9

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வாட்ஸப்பில் ரெண்டு வரி தட்டிவிட்டிருக்கலாம்தான். நீ நாலு பக்கம் மையால் எழுதியிருக்க, நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் நன்றாகவா இருக்கும்? தாமதத்துக்கு ஓடு மாற்ற வந்த ஆள்கள்தான் காரணம். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் மகன் அடுத்த வருஷம் அமெரிக்காவுக்கு வரச் சொல்கிறான், ஆர்வி என்கிற வீடு மாதிரி வண்டி எடுத்துக்கொண்டு அருவி அருவியாகப் பார்க்கலாம் என்கிறான், இந்த முழங்காலோடு போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. எப்படிப் போனேன், எதில் மாட்டினேன் என்று சொல்கிறேன், பிறகு நீயே முடிவு பண்ணிக்கொள்.

என் மகள் முதலில் போனில் சொன்னபோது, "ஆத்தா, இந்தத் தடவை ஆர்வியில போறோம்" என்றாள். எனக்கு அது 'அருவியில போறோம்' என்று விழுந்தது. அருவிக்குப் போவார்கள், அருவியில் எப்படிடி போவது, வழுக்கிக்கொண்டா என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் போனை ஸ்பீக்கரில் போட்டு மாப்பிள்ளைக்கும் கேட்க வைத்துவிட்டாள். அன்றிலிருந்து பேத்திக்கு நான் 'அருவி ஆயா'.

வண்டி 25 அடி நீளம். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு இடம், அதில் மெத்தை. பேரனும் பேத்தியும் அங்கே ஏறிக்கொண்டார்கள். பின்னால் கட்டில் எனக்கு. சாப்பாட்டு மேசையை இறக்கிவிட்டால் அதுவும் படுக்கை, மகளும் மாப்பிள்ளையும் அதில் முடங்கினார்கள். கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், நின்றுகொண்டே குளிக்க ஒரு பொந்து. நம் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் ஒரு ஓரத்துக்குக் காணாது. அதற்குள் ஐந்து பேர், மூன்று நாள்.

ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டிலிருந்து கிழக்கே, கொலம்பியா ஆற்றை ஒட்டிப் போனோம். ஆற்றோரம் பெரிய நெடுஞ்சாலை. அதற்கு மேலே மலையை உரசிக்கொண்டு பழைய சாலை ஒன்று, அருவிகள் எல்லாம் அதில்தான். 1913-ல் போடத் தொடங்கியதாம். சாமுவேல் லங்காஸ்டர் என்ற என்ஜினியர், அருவியை விட்டு விலகாமல் சாலை போகவேண்டும், 100 அடிக்கு 5 அடிக்கு மேல் ஏற்றமும் கூடாது என்று பிடிவாதமாக நின்றிருக்கிறார். அதனால் கிரவுன் பாயிண்ட் என்ற உச்சியிலிருந்து இறங்குகிற இடத்தில் சாலை எட்டு எட்டாகக் கோலம் போடுகிறது. அந்தக் காலத்துக் காருக்குப் போட்ட அகலம். 25 அடி வண்டியை அதில் விட்டால் எதிரே வருகிறவன் பாடு அதோகதி. மாப்பிள்ளை விவரமானவர். பெரிய வண்டியை நெடுஞ்சாலை வழியாகக் கொண்டுபோய் எயின்ஸ்வொர்த் என்ற முகாமில் நிறுத்திவிட்டார். மகள் பின்னாலேயே தன் காரை ஓட்டி வந்தாள். அருவிகளுக்கெல்லாம் காரில்தான் போனோம். உன் மகனிடம் இதை மறக்காமல் சொல்.

பத்து மைலுக்குள் லட்டூரல், பிரைடல் வெய்ல், வாக்கீனா, மல்ட்நோமா, ஹார்ஸ்டெயில் என்று வரிசையாக. பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பேத்தி ஒரு பாட்டே கட்டிவிட்டாள். மல்ட்நோமாதான் பெரியது, 620 அடி. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நிறுத்தினால்தான் உச்சியை எட்டும். தண்ணீர் ஒரேயடியாகத் தாவி, ஒரு குளத்தில் விழுந்து, மறுபடியும் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே 1914-ல் கட்டிய பாலம். கீழேயிருந்து பாலம்வரை கால் மைல் ஏற்றம், தார் போட்ட பாதை. ரெண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் உன் முழங்கால் தாங்கும்.

பாலத்தில் நின்றபோது பேரன் ஒரு கதை சொன்னான். 1995-ல் ஒரு கல்யாணக் கோஷ்டி இதே பாலத்தில் போட்டோவுக்கு நின்றிருக்கிறது. மேலேயிருந்து 400 டன் பாறை ஒன்று பெயர்ந்து அந்தக் குளத்தில் விழுந்து, மொத்தக் கல்யாணத்தையும் குளிப்பாட்டிவிட்டதாம். சின்னக் காயங்களோடு தப்பித்தார்கள். இதைக் கேட்ட பிறகு நான் பாலத்தில் அதிக நேரம் நிற்கவில்லை.

ஒரு குறை சொல்கிறேன், சிரிக்காதே. அருவி என்றால் தலையைக் கொடுக்க வேண்டாமா? குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, முண்டியடித்து, மூச்சுத் திணற நின்றோமே, அதுதான் எனக்கு அருவி. அங்கே எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தூர நின்று படம் பிடிக்கிறார்கள். ஹார்ஸ்டெயில் மட்டும் சாலையோரத்திலேயே விழுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரத்தில் காலை வைத்தேன். மே மாதம், இங்கே கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்திருக்கும். அங்கே கால் விரல் பத்தும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஏன் இத்தனை அருவி ஒரே இடத்தில் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். பனியுகத்தின் கடைசியில், வடகிழக்கே மொண்டானா பக்கம் ஒரு பனிக்கட்டி அணை திரும்பத் திரும்ப உடைந்து, வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கின் ஓரத்தைக் கத்தி வைத்த மாதிரி அறுத்துவிட்டதாம். ஓடைகளெல்லாம் அந்தரத்தில் நின்றுவிட்டன. குதிப்பதைத் தவிர அவற்றுக்கு வழியில்லை. செட்டிநாட்டு நகரத்தாரான நம்மையும் பூம்புகாரில் வெள்ளம்தான் கிளப்பிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. அங்கே வெள்ளம் அருவியைக் கொடுத்திருக்கிறது. நாம் பயந்துபோய் அருவியும் இல்லாத, ஆறும் இல்லாத பொட்டலாகப் பார்த்து வீடு கட்டிக்கொண்டோம், அதையும் ஆளுயரத் தளம் எழுப்பி.

இனி முக்கியமான விஷயம், தொட்டி. வண்டியின் வயிற்றில் மூன்று தொட்டி உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒன்று. குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேர ஒன்று, அது கிரே டேங்க். கக்கூஸுக்கு ஒன்று, பிளாக் டேங்க். வண்டி வாடகைக்குக் கொடுத்த ஆள் கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுச் சாவியைக் கையில் திணித்தான். தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் விளக்கு பொய் சொல்லும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

முதல் நாள் இரவு. நான் நம் வீட்டுக் கிணற்றடி நினைப்பில் அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தேன். ரசம் வைத்தேன். குழாயை ஓடவிட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். தாளிக்கும்போது வரமிளகாய்ப் புகைக்கு மேலே இருந்த அலாரம் வேறு கத்தித் தீர்த்தது. பேரன் துண்டை வைத்து விசிறி அதை அடக்கினான். அப்பாடா என்று உட்கார்ந்தால் பேத்தி குளிக்கிற பொந்தை எட்டிப் பார்த்து, "ஆயா, கீழேருந்து தண்ணி வருது!" என்கிறாள். போய்ப் பார்த்தேன். காலடித் தட்டின் ஓட்டை வழியாக என் களனித் தண்ணீர் வெள்ளை வெளேரென்று மெள்ள ஏறிக்கொண்டிருக்கிறது, ரெண்டு கறிவேப்பிலை மிதக்க. கிரே டேங்க் நிறைந்தால் அங்கேதான் எதிர்த்து வருமாம். மாப்பிள்ளை கைலியோடு, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு குளிரில் வெளியே ஓடினார். மாமியார் விட்ட தண்ணீரை மாப்பிள்ளை போய்த் திறந்துவிடுவதா! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

முகாமிலேயே சாக்கடை இணைப்பு உண்டு, திறந்து வைத்திருந்தால் தானாகப் போயிருக்கும். ஆனால் திறந்து வைக்கக்கூடாதாம். காலையில் பொறுமையாகச் சொன்னார். பிளாக் டேங்க்கை ஓரளவு நிறையவிட்டு முதலில் திறக்கவேண்டும், அப்போதுதான் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். பிறகு கிரே. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். வரிசை மாறினால் நாறிவிடும்.

வரிசை என்று அவர் சொன்னதும் எங்க ஆயாதான் கண்ணுக்குள் வந்தார்கள். மழை பிடித்தால் முதல் மழையைத் தொடமாட்டார்கள், ஓடு கழுவுகிற தண்ணீர், முற்றத்து ஓட்டை வழியாக ஊரணிக்குப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ரெண்டாம் மழைக்குத்தான் அண்டா. வளவு முற்றத்தின் நாலு மூலையிலும் ஓட்டுத் தண்ணீர் கொட்டுமே, அதற்கு நேராக ஒவ்வொன்று. மேலே வேட்டித்துணி கட்டி. அந்தத் தண்ணீரில் பருப்புப் போட்டால் மலர்ந்து வேகும், கிணற்றுத் தண்ணீரில் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு செம்பு கூடுதலாக மொண்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள். திட்டமாட்டார்கள், பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து நான் ஆயாவாக மாறிவிட்டேன். ஒரு குண்டான் தண்ணீரில் குளியல். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்துக்கு முதல் கழுவல். வெளியே வானத்திலிருந்து கொட்டுகிறது, உள்ளே நான் செம்பு எண்ணுகிறேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளை, "அயித்தை, டேங்க் நிறையவே மாட்டேங்குதே" என்றார். நான் பெற்ற பாராட்டிலேயே பெரியது அது. இருந்தும் வண்டியைத் திரும்ப விடும்போது தொட்டி சுத்தமில்லை என்று 150 டாலர் பிடித்துக்கொண்டார்கள். அலசி அலசி விட்ட தொட்டி அது! எனக்கு இன்னும் ஆறவில்லை.

தூக்கம் கொஞ்சம் கெடும். முகாமுக்குக் கீழேயே தண்டவாளம், ராத்திரி முழுக்க கூட்ஸ் வண்டி. எனக்குப் பழக்கம்தான், செட்டிநாடு ஸ்டேஷனில் ராமேசுவரம் வண்டி ஊதுகிற சத்தத்தில் வளர்ந்தவள். பேரனுக்குத் தூக்கம் வராமல் ரெண்டு பேரும் பெட்டி எண்ணினோம். 112 வரை வந்தோம், அப்புறம் அவன் தூங்கிவிட்டான்.

மூன்றாம் நாள் காரில் இன்னும் கிழக்கே போனோம். இதைக் கட்டாயம் நீயும் போய்ப் பார். கேஸ்கேட் லாக்ஸ் என்ற ஊரில் வருஷத்துக்கு 75 அங்குலம் மழை. அங்கிருந்து 40 மைல் தள்ளி தி டால்ஸ், அங்கே 14 அங்குலம். மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கதையேதான். பாசி பிடித்த மரமெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி, கடைசியில் மொட்டை மலை, காய்ந்த புல், காற்று. மகள், "இங்க ஒண்ணும் இல்ல ஆத்தா, திரும்பலாமா?" என்றாள். எனக்கு இறங்கி நடக்கவேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொன்னால், மூன்று நாளில் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது அங்கேதான்.

திரும்பி வரும்போது மலை மேலே கருகிய மரங்கள் குச்சி குச்சியாக நிற்பதைப் பார்த்தேன். 2017 செப்டம்பரில் ஒரு 15 வயதுப் பையன் விளையாட்டாக ஒரு வெடியைக் கொளுத்திப் பள்ளத்தில் போட்டிருக்கிறான். ஏறக்குறைய 50,000 ஏக்கர் எரிந்தது. மல்ட்நோமா அடியில் இருக்கிற பழைய கல் விடுதியைத் தீயணைப்புக்காரர்கள் ராத்திரியெல்லாம் நின்று காப்பாற்றினார்களாம். கோர்ட் அந்தப் பையனுக்குப் போட்ட தொகை 3.6 கோடி டாலருக்கு மேல். தீபாவளி நெருங்குகிறது, பக்கத்து வளவுப் பையன்கள் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தக் குச்சிகள்தான் கண்ணில் வருகின்றன.

நீ கொண்டுபோக வேண்டியது: ஒரு சின்ன முக்காலி (வண்டிப் படி உயரம், உன் முழங்காலுக்கு அது இல்லாமல் ஆகாது), தலைக்குக் கம்பளிக் குல்லாய், இட்லிப் பொடி, ஒரு செம்பு. கக்கூஸில் தண்ணீர் விடக் காலால் மிதிக்கவேண்டும், முதலில் தடுமாறும். போகிற மாதத்தையும் கேட்டுக்கொள். கோடை உச்சத்தில் மல்ட்நோமாவில் கார் நிறுத்தவே முன்பதிவுச் சீட்டு வேண்டுமாம். நாங்கள் அதற்கு முன்பே போனதால் பிழைத்தோம்.

இங்கே சேதி: வீட்டின் ரெண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு சரிந்து, போன மழைக்குச் சுவர் ஊறிவிட்டது. நாட்டு ஓடு பிரித்து அடுக்கத் தெரிந்த ஆள் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. பங்காளிகள் நாலு பேரில் ரெண்டு பேர் பங்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவர் 'வித்துடலாமே' என்று எழுதியிருக்கிறார். நாலாமவர் வாய் திறக்கவில்லை. நான் என் நகையில் ஒன்றை வைத்து வேலையை முடித்துவிட்டேன். உன் ஆத்தா வீட்டுப் பக்கம் போனேன், முகப்பு கெட்டியாக இருக்கிறது, பூட்டு மட்டும் துருப்பிடித்துவிட்டது. ஊரணி இன்னும் பாதி நிறையவில்லை.

முந்தாநாள் ராத்திரி நல்ல மழை. ரெண்டாம் மழை. புது ஓட்டில் எங்கேயும் ஒழுகவில்லை. வளவின் நாலு மூலையிலும் கொட்டியது. ஆயாவின் பெரிய அண்டாவைத் தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டே போய் ஒரு மூலையில் வைத்தேன். 'உங்க ஊர்ல அருவி இருக்கா ஆயா'ன்னு கேட்டியே, வீட்டுக்குள்ளயே இருக்கு பார் என்று பேத்திக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ஆயா, இது ஃப்ரெஷ் டேங்க்கா, கிரே டேங்க்கா?"

பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டாயா? எழுது.

உன்
மீனா