தேசியப் பட்டத்துக்கு அடுத்த படி எங்கே?

சென்னையில் இயங்கும், இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கோவை கார் ரேலியில் பல ஆண்டுகள் மார்ஷலாக, அதாவது பந்தயப் பாதையைக் காவல் காப்பவனாக, நின்றவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். கேத்தனூர்க் காற்றாலைகளுக்கு நடுவே பாதையை அடைத்து, ஆடுகளை அப்பால் ஓட்டச் சொல்லி ஊர்க்காரர்களிடம் மன்றாடிவிட்டு நிற்கும்போது, முதலில் வருவது வண்டி அல்ல, அதன் சத்தம். பிறகு செம்மண் புழுதி. அதற்கும் பிறகுதான் வண்டி கண்ணில் படும். அந்தப் புழுதிக்குள் ஓட்டிப் பழகிய ஒருவர் தேசியச் சாம்பியன் ஆன பிறகு எங்கே போவது என்பதுதான் என் கேள்வி.

ரேலி ஓட்டுநர் கௌரவ் கில் வெளிநாடு போனார் என்பீர்கள். உண்மைதான். பலமுறை தேசியப் பட்டம் வென்று, 2013இல் ஆசிய பசிபிக் ரேலிச் சாம்பியன்ஷிப்பை வென்ற முதல் இந்தியராகி, 2016இலும் 2017இலும் அதை மீண்டும் கைப்பற்றி, 2019இல் மோட்டார் விளையாட்டுக்கென அர்ஜுனா விருது பெற்ற முதல் ஆளும் அவரே. ஆனால் அந்தப் பயணத்துக்கு ஸ்கோடா ஃபேபியாவைத் தந்தது எம்ஆர்எஃப் அணி. ஒரு டயர் நிறுவனத்தின் விருப்பம் ஏணியாக அமைந்தது அவருடைய நல்வாய்ப்பு. அதை நாட்டின் ஏற்பாடு என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

பணம் மட்டுமல்ல, வண்டியும் இங்கே தடையாக நிற்கிறது. நம் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் போலோ போன்ற, முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டிகளில் வளர்கிறார்கள். வெளிநாட்டில் காத்திருப்பதோ நான்கு சக்கரங்களும் இழுக்கும், டர்போ பொருத்திய, இப்போது ரேலி2 எனப்படும் ஆர்5 வகை வண்டி. வளைவுக்குள் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையாளும் பழக்கத்தையே அங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, ரேலிகளில் ஓடிய மாருதி ஜிப்ஸி 2019இலும் போலோ 2022இலும் இந்தியச் சந்தையிலிருந்து விடைபெற்றுவிட்டன. இனி வரும் பிள்ளைகள் பழைய வண்டிக் கூடுகளைத் தேடிப்பிடித்து, ஒட்டுப்போட்டுத்தான் ஸ்டார்ட்டுக்கு வர வேண்டும்.

ஓட்டுநருக்கு வழி சொல்லும் நேவிகேட்டர்களின் நிலை இன்னும் மோசம். உள்நாட்டில் கில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேஸ்நோட் (வளைவுகளைக் குறித்துவைத்த குறிப்பு) வாசித்து அவரோடு பட்டங்களை வென்றவர் மூசா ஷெரீஃப். 2013இன் ஆசிய பசிபிக் வெற்றியில் அந்த இருக்கையில் இருந்தவர் ஆஸ்திரேலியரான கிளென் மக்நீல். அணியின் முடிவைக் குறை சொல்லவில்லை. அந்தந்த நாட்டுப் பாதைகளை அறிந்தவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய துணை என்பதை அறிவேன். ஆயினும் ஓட்டுநருக்குப் பாதி வழியில் முடியும் ஏணி, நேவிகேட்டருக்கு முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது.

ஆகவே, தேசியச் சாம்பியனாகும் இணை, ஓட்டுநரும் நேவிகேட்டரும் சேர்ந்தே, மறு ஆண்டில் ஆசிய பசிபிக் சுற்று ஒன்றிலாவது ஆர்5 வண்டியில் கலந்துகொள்ளும் செலவைப் பட்டத்தின் பரிசாகவே அறிவிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கோப்பைக்கும் மேடைக்கும் விழாவுக்கும் ஆகும் செலவில் கொஞ்சம் குறைத்தாலும் எங்களில் எவரும் வருந்தப்போவதில்லை. மீதிக்கு, ஒரு நிறுவனத்தையே நம்பியிராமல், டயர், எரிபொருள், கார் நிறுவனங்களைச் சேர்த்து ஒரு பொது நிதி திரட்டலாம். அவர்களைக் கூப்பிட்டு ஒரே மேசையில் உட்காரவைக்கும் இடத்தில் இருப்பது நீங்கள்தான்.

அடுத்த பருவத்துக்கான விதிமுறைகளை வெளியிடுவதற்கு முன் இதைப் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு முன்னாள் மார்ஷல்